“அப்பா” என்று சொல்லாதே!

தியானப் பகுதி: எஸ்தர் 2:10, ரோமர் 8:15

 

இந்த மாதச் செய்தியை நான் ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பிரசங்கித்த வாயே அறிக்கையிடவும் வேண்டும் அல்லவா?

சில வாரங்களுக்கு முன்பு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மத்தேயு 10:33-ஐ வைத்துப் பேசினேன். மனுஷர் முன்பாக ஆண்டவரை மறுதலிக்கிறவனை அவரும் பிதாவின் முன்பாக மறுதலிப்பார் என்கிற வசனம். அன்றைக்கு நான் ரொம்ப வேகமாகத்தான் பேசினேன். “தன்னை மறைத்துக்கொண்டு வாழ்கிறவன் எவனும் கோழை! நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று வைத்திருக்கிறவனுக்குப் பரலோகத்தில் இடமில்லை!” என்று மேஜையைத் தட்டினேன். அல்லேலூயா சத்தம் பலமாக வந்தது. எனக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் திருப்திதான்.

கூட்டம் முடிந்து பாய் சுருட்டுகிற நேரம். நம்முடைய சபையில் வயதான ஒரு தாயார் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்பிருந்த பாஸ்டர் காலத்திலிருந்தே வருகிறவர்கள். அதிகம் பேசமாட்டார்கள். நாகர்கோவில் பக்கம் என்று நாமெல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அருகே போனேன். அவர்கள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்காத ஒரு தமிழ் வந்தது.

“பாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ? உயிருக்குப் பயந்து நான் தமிழிச்சி இல்லையெண்டு காட்டினனான். என்ர பிள்ளையின்ர வாயையும் பொத்தினனான். அதுவும் மறுதலிப்போ?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளை வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சொன்னதை, பெயர் போடாமல் எழுத அனுமதி கொடுத்ததால், இங்கே எழுதுகிறேன்.

1. அந்த ஜூலை மாதம்

1983 ஜூலை 23 இரவு. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி என்று ஒரு இடம் இருக்கிறது. நம்முடைய திருநெல்வேலி அல்ல. அங்கே விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பதின்மூன்று பேருக்கும் தாய் உண்டு. அதை நாம் மறக்கக்கூடாது. அவர்களை அடக்கம்பண்ண மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் கூடியது. கோபம் அங்கிருந்து தெருவுக்கு வந்தது. எதுவும் அறியாத தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கலகக்காரர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே, பூட்டின கதவுக்குள்ளே, இரண்டு தடவையாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மொத்தம் மாண்டவர்கள் நானூறுக்குள் என்றது அரசாங்கம். மூவாயிரம் வரை என்கிறார்கள் தமிழர்கள். கணக்கு ஆண்டவருக்குத் தெரியும்.

இந்தத் தாயார் அப்போது வெள்ளவத்தையில் இருந்தார்கள். இளம் வயது. இன்னும் ஆண்டவரை அறியாத நாட்கள். கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். நாலு வயதில் ஒரே மகன். திங்கட்கிழமை காலை கணவர் வேலைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் தெருமுனையில் புகை.

பின்பக்கச் சுவரைத் தாண்டி ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். புத்த மதத்தைச் சேர்ந்தவள். ஒரு வார்த்தை பேசாமல் தன் துணி முனையால் இவர்கள் நெற்றிப் பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றித் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டாள். தன்னுடைய துணியையும் சட்டையையும் உடுத்திவிட்டாள். பிறகு ஒரு வாளியைக் காட்டி, “பால்திய, பால்திய” என்று சொல்லிக்கொடுத்தாள். வாளிக்குச் சிங்களத்தில் அதுதான் வார்த்தை. ‘பஸ்’ என்று சொல்கிறோமே, அந்த ‘ப’ வரவேண்டும். நாக்குப் பிசகினால் தமிழ் என்று தெரிந்துவிடும். கலகக்காரர்கள் வழியில் பிடிக்கிறவர்களை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவைத்துத்தான் பரிசோதித்தார்கள்.

அப்புறம் பிள்ளை. “அம்மா” என்று கூப்பிடலாம், பயமில்லை. சிங்களப் பிள்ளைகளும் தாயை “அம்மா” என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தகப்பனை அவர்கள் “தாத்தா” என்பார்கள். “அப்பா எங்கே?” என்று இவன் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், எல்லார் கதையும் முடிந்தது! அதனால் அந்தத் தாய் தன் நாலு வயதுப் பிள்ளையின் வாயில் விரலை வைத்துச் சொன்னாள்: “அப்பா எண்டு சொல்லாத ராசா. நான் சொல்லும் வரைக்கும் சொல்லாத.”

மத்தியானம் கூட்டம் வந்தது. இவர்கள் வீடு எரிந்தது. பிறகு பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்து, “இது யார்?” என்று இவர்களைக் காட்டிக் கேட்டார்கள். அந்தச் சிங்களப் பெண் வாசலை விட்டு நகரவில்லை. “மகே நங்கி” என்றாளாம். என் தங்கை என்று அர்த்தம். ஒருவன் கிணற்றடி வாளியைக் காட்டினான். இவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஆண்டவர் நாவைக் காத்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை.

எனக்கன்பானவர்களே! 1983-ல் எனக்கும் நாலு வயது. அதே நாளில் நான் இதே ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில், கட்டுமரம் அலையைத் தாண்டி வருகிறதைப் பார்த்து, “எப்போவ்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அதே கடலின் அந்தப் பக்கம் என் வயதுப் பிள்ளை ஒருவன் அந்த ஒரு வார்த்தையை மூன்று நாள் விழுங்கிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபின் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2. நாக்கைப் பிடித்துக் கொல்லுகிற பாவம்

இது புதிதல்ல, பிரியமானவர்களே. நியாயாதிபதிகள் 12-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யெப்தாவின் மனுஷர் யோர்தான் துறையில் நின்றார்கள். தப்பிவந்த எப்பிராயீமரை “ஷிபோலேத்” சொல்லச் சொன்னார்கள். ‘ஷி’ வராமல் ‘சி’ வந்தவன் அங்கேயே வெட்டுண்டான். 42,000 பேர்! வெட்டினவனும் இஸ்ரவேல், வெட்டுண்டவனும் இஸ்ரவேல். நம்முடைய குப்பத்து ஜனத்தை நிறுத்தி “வாழைப்பழம்” சொல்லச் சொன்னால் “வாயப்பயம்” என்போம். அதற்குத் தலையை வாங்குவதென்றால் இங்கே எத்தனை பேர் மிஞ்சுவோம்?

யூத ஜனத்துக்கு இது எத்தனை தரம் நேர்ந்தது! ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் 1939 முதல், யூதப் பெயர் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளாத பெயர் வைத்திருந்த ஆண்கள் ‘இஸ்ரவேல்’ என்றும் பெண்கள் ‘சாராள்’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். 1941 செப்டம்பரில் ஆறு வயதுப் பிள்ளை முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்று சட்டம். நாம் ஞாயிறு பள்ளியில் ஆசையாய்ச் சொல்லிக்கொடுக்கிற பெயர்கள் சாவுக்கு அடையாளமாயின. அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பேர் பிள்ளைகள். தப்பினவர்களில் அநேகம் பிள்ளைகள் வேறு பெயரில், வேறு வீட்டில், வேறு ஜெபம் கற்றுக்கொண்டு தப்பினார்கள். தன் சொந்தப் பெயரையே மறந்துபோன பிள்ளைகளும் உண்டு. இதையெல்லாம் செய்த தேசத்தில் தெருவுக்குத் தெரு ஆலயமணி அடித்தது. அநேக சபைகள் வாய்மூடி இருந்தன. இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தமிழர் நாம் சுத்தம் என்று சொல்ல முடியுமா? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் ஜனத்தையெல்லாம் விடுதலைப் புலிகள் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். பட்டயம் கை மாறினால் பாவமும் கை மாறுகிறது. எல்லாரும் பாவஞ்செய்தோம்.

3. மறைத்தவளும், மறைந்திருந்த தேவனும்

இப்போது அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். மறைத்துக்கொண்டது மறுதலிப்பா?

எஸ்தரைப் பாருங்கள். தன் ஜனத்தையும் பூர்வோத்தரத்தையும் அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டது யார்? அவளை வளர்த்த மொர்தெகாய். அத்சாள் என்ற எபிரெயப் பெயரோடு வளர்ந்த பெண் நான்கு வருஷத்துக்கு மேலாக அரண்மனையில் எஸ்தராகவே இருந்தாள். வேதம் அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவே இல்லை. இன்னொரு ஆச்சரியம் பாருங்கள். எஸ்தரின் புத்தகம் பத்து அதிகாரம்; அதில் ஒரு இடத்திலாவது “தேவன்”, “கர்த்தர்” என்ற நாமம் இல்லை! ஏன்? நான் முழங்காலில் நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. பெயரை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்த தம்முடைய ஜனத்தோடே ஆண்டவரும் தம் பெயரை மறைத்துக்கொண்டு கூடவே இருந்தார். ஸ்தோத்திரம்!

மோசேயை மூன்று மாதம் ஒளித்தார்கள். யோவாசை ஆறு வருஷம் ஒளித்தார்கள். ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்தான். ராகாப் வேவுகாரரைச் சணல் தட்டைக்குள் ஒளித்தாள். நம்முடைய ஆண்டவரே கைக்குழந்தையாய் எகிப்துக்கு அகதியாய்ப் போனவர். ஒளிந்துகொண்டவர்களுக்குக் கதவு மூடியிருந்தால் நமக்கு இரட்சகரே இல்லை!

“அப்படியானால் பேதுரு மறுதலித்தானே?” என்பீர்கள். அவனையும் காட்டிக்கொடுத்தது அவனுடைய கலிலேயா பேச்சுதான் (மத்தேயு 26:73). ஆனால் பேதுரு தன் ஊரை மறைக்கவில்லை. தன் எஜமானையே தெரியாது என்று சபித்துச் சத்தியம்பண்ணினான். அது பாவம்தான். அதை நான் இலேசாக்கவில்லை. இயேசுவை அறியேன் என்று சொல்லி ஆதாயம் தேடுகிறவன் மனந்திரும்பவேண்டும். ஆனாலும், கொலைகாரன் முன்னால் பிள்ளையின் வாயைப் பொத்தின தாயின்மேல் அந்த வசனத்தை எறிந்தேனே, அது கல்லெறிவது. அந்தப் பேதுருவுக்குக்கூட உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்ன செய்தார்? கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிட்டார். மறுதலித்தவனையே அப்படி நடத்தினவர், மறைந்திருந்தவளைத் தள்ளுவாரோ?

4. கதவைத் திறந்தவர்கள்

ஹாலந்து தேசத்தில் ஹார்லெம் பட்டணத்தில் கடிகாரக்கடை வைத்திருந்த கோரி டென் பூம் அம்மையாரைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் படுக்கையறையில் பொய்ச்சுவர் கட்டி அதற்குப் பின்னால் யூதர்களை ஒளித்துவைத்தார்கள். 1944 பிப்ரவரி 28-ல் போலீஸ் வந்தது. குடும்பத்தைக் கொண்டுபோனார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரைக் கண்டுபிடிக்கவில்லை! 84 வயதுத் தகப்பனார் பத்தே நாளில் காவலில் மரித்தார். அக்காள் பெட்ஸி ராவன்ஸ்புரூக் முகாமில் மரித்தார். கோரி அம்மையார் தப்பிவந்து உலகமெங்கும் மன்னிப்பைப் பிரசங்கித்து, 1983 ஏப்ரல் 15-ல் நித்திரையடைந்தார்கள். அதே வருஷம், மூன்று மாதம் கழித்து, வெள்ளவத்தையில் ஒரு சிங்களப் பெண் பின்சுவரைத் தாண்டினாள். அவளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

அவள் சொன்ன பொய் சரியா என்று சிலர் என்னிடம் கேட்பீர்கள். வேதம் ராகாபின் பொய்யைப் புகழவில்லை. வந்தவர்களைச் சமாதானமாய்ச் சேர்த்துக்கொண்ட அவளுடைய விசுவாசத்தைப் புகழ்கிறது. நல்ல சமாரியன் கதையை ஆண்டவர் சொன்னபோது, ஆசாரியனும் லேவியனும் விலகிப்போனார்கள் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு அந்த வாசலில் நான் இருந்திருந்தால் நகராமல் நின்றிருப்பேனா? என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம்ம எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாய் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறதே, தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். 1930 டிசம்பர் 30-ல் மற்றவர்களைக் காப்பாற்றப்போய் அங்கே கடலில் மூழ்கின ஷ்மிட் என்ற டென்மார்க் தேசத்தாரின் ஞாபகமாய்க் கட்டினது. அவர் காப்பாற்றப்போனது அயல்தேசத்தில், அயலாரை! மூழ்குகிறவனிடம் பாஷை கேட்கக்கூடாது. கடல் ஜனமாகிய நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

5. என் சபையில் ஒளிந்திருந்தவர்

இனிமேல்தான் என் அறிக்கை. மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, தாயும் பிள்ளையும் இரத்மலானை விமான நிலையத்தில் இருந்த அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். 1990-ல் படகேறி இராமேஸ்வரம். அப்புறம் சென்னை. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, இலங்கைப் பேச்சைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் கதவை மூடின காலம். “எங்கட கதையைக் கேட்டா வீடு தரமாட்டினம் பாஸ்டர். அதால நாகர்கோவில் எண்டு சொன்னம். பிறகு அதையே பிடிச்சுக்கொண்டம்.” நம் சபையில் இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அந்நிய பாஷையில் ஆண்டவரைத் துதித்த அந்தத் தாய், தன் சொந்தத் தமிழை மட்டும் இத்தனை வருஷம் நம் நடுவிலே திறக்கவில்லை!

கொழும்பில் கொலைகாரருக்குப் பயந்து மறைத்தார்கள். இங்கே? விசுவாசிகளாகிய நமக்குப் பயந்து! நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன். எஸ்தர் புத்தகத்தை வரிவரியாய்ப் படித்தவன். என் பாயில் உட்கார்ந்திருந்த எஸ்தரை எனக்குத் தெரியவில்லை. இதுதான் என் பாவம். நீங்கள் மன்னிக்கவேண்டும், அந்தத் தாயார் மன்னித்துவிட்டார்கள்.

முகாமில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். வியாழன் சாயங்காலம் கணவர் வந்து சேர்ந்தார். ஒரு சிங்கள லாரி டிரைவர் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்து விட்டாராம். கையெல்லாம் தீக்காயம். “வா ராசா” என்று கையை நீட்டினார். பிள்ளை ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தன் விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டான். தாய் அழுதுகொண்டே, “இனிச் சொல்லலாம் ராசா” என்றாள். அவன் நாலு பக்கமும் பார்த்தான். பிறகு தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள்ளே, யாருக்கும் கேட்காமல், “அப்பா” என்றான்.

தேவஜனமே! பவுல் ரோமர் 8-ல் எழுதுகிற அந்தச் சொல்லும் இதுதானே! யூதப் பிள்ளையின் வாயிலும் தமிழ்ப் பிள்ளையின் வாயிலும் ஏறக்குறைய ஒரே வார்த்தை. கெத்செமனேயில் ஆண்டவர் அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் சிலுவையிலே, அந்த இருள் நேரத்திலே, அவர் “அப்பா” என்று கூப்பிடவில்லை. “தேவனே” என்றுதான் கதறினார் (மத்தேயு 27:46). வாய் பொத்தப்பட்ட பிள்ளைகளின் இடத்தில் அந்தக் குமாரன் நின்றார். ஏன் தெரியுமா? நீயும் நானும் பயமில்லாமல், நம்முடைய சொந்தப் பேச்சிலே, குப்பத்துத் தமிழோ இலங்கைத் தமிழோ, “அப்பா” என்று கூப்பிடுவதற்காக!

போன ஞாயிறு ஆராதனையில் அந்தத் தாயார் தன் சொந்தத் தமிழில் சாட்சி சொன்னார்கள். நம் தாய்மார்கள் எழும்பிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அது போதாது. இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள். 2021-ல் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அவர்களுக்காக ஜெபியுங்கள். கட்டிட வேலைக்கு வந்திருக்கிற ஒடிசா, பீகார் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதிருங்கள். உங்கள் வீட்டு வாசலில் யாராவது தயங்கி நின்றால், ஊர் கேட்பதற்கு முன் தண்ணீர் கொடுங்கள். மறைந்திருக்கிறவன் வெளியே வரப் பயப்படாத சபையிலேதான் எழுப்புதல் வரும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே! வாய் பொத்தி அழுதவர்களின் சத்தத்தையும் கேட்டீரே, ஸ்தோத்திரம். எங்கள் கடின வார்த்தைகளை மன்னியும். கதவைத் திறக்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். பெயர் தெரியாத அந்தச் சகோதரியை, அவள் எங்கே இருந்தாலும், சந்தித்து ஆசீர்வதியும். பயந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளிடம் “இனிச் சொல்லலாம்” என்று நீரே சொல்லும், அப்பா! இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்